அல்ட்ராசவுண்டில் திறந்த இரத்த-மூளைத் தடுப்பு: 24 மணி நேரத்தில் மூடிய பிறகும் நான்காம் நாள் ஜிஎஃப்ஏபி ஏன் ஏறுகிறது?

அலைமுனை (கேள்வி)

வணக்கம். எலியின் ஹிப்போகேம்பஸில் (நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி) ஒரு பக்கம் மட்டும் குவித்த அல்ட்ராசவுண்ட் கொடுத்து இரத்த-மூளைத் தடுப்பைத் (இரத்தத்தில் உள்ளவை மூளைத் திசுவுக்குள் போகாமல் தடுப்பது) திறக்கும் சோதனை. அளவுகள்: 550 கிலோஹெர்ட்ஸ், 10 மில்லிசெகண்ட் துடிப்பு, நொடிக்கு ஒன்று, மொத்தம் 120 நொடி. மண்டையோட்டில் இழப்பதைக் கழித்தால் குவியத்தில் எதிர்மறை உச்ச அழுத்தம் 0.4 மெகாபாஸ்கல் என்று மதிப்பீடு. நுண்குமிழிகள் டெஃபினிட்டி, கிலோவுக்கு 20 மைக்ரோலிட்டர், வால் சிரையில் ஒரே தள்ளாக. மயக்கத்துக்கு ஐசோஃப்ளூரேன், தூய ஆக்சிஜனில் கலந்து.

முதல் மணி நேரத்தில் டி1 எம்ஆர்ஐ படத்தில் காடோலினியம் (கசிந்த இடத்தை வெளுப்பாகக் காட்டும் பொருள்) நன்றாக ஏறுகிறது. 24 மணி நேரம் கழித்து எடுத்தால் ஏறுவதில்லை. தடுப்பு மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டோம். ஆனால் நான்காம் நாள் திசுவில் ஜிஎஃப்ஏபி (மூளையின் துணைச் செல்லான ஆஸ்ட்ரோசைட்டின் புரதம்) எதிர்ப்பக்கத்தைவிடத் தெளிவாக அதிகம். மூளையின் தற்காப்புச் செல்களான மைக்ரோக்ளியாவும் பருத்துத் தெரிகின்றன. சில எலிகளில் டி2-ஸ்டார் (இரத்தத்தின் இரும்பைக் கறுப்பாகக் காட்டும் எம்ஆர்ஐ) படத்தில் சின்னக் கறுப்புப் புள்ளிகள்.

என் சந்தேகங்கள் மூன்று. மூடிய பிறகும் இந்த எதிர்வினை ஏன், இது சேதமா? வாரம் ஒருமுறை மீண்டும் கொடுக்கலாமா, அதற்குள் திசு தேறிவிடுமா? கறுப்புப் புள்ளி இரத்தக் கசிவுதானா, வேறு ஏதாவதா?

எண்டோதீலியம்

"மூடிவிட்டது" என்ற சொல்லில் இருந்தே குழப்பம் தொடங்குகிறது. நீங்கள் பார்த்தது காடோலினியத்துக்கு மூடியதை. திசு தேறுவது ஒரே கடிகாரத்தில் நடப்பதில்லை. தடுப்பின் கசிவு மணிக்கணக்கில் நிற்கும், கிளியா செல்கள் (ஆஸ்ட்ரோசைட், மைக்ரோக்ளியா) நாள்கணக்கில் அடங்கும், இரத்தக் குழாய்கள் வாரக்கணக்கில் பழைய நிலைக்கு வரும். ஒன்றை அளந்துவிட்டு மற்றதும் முடிந்தது என்று சொல்ல முடியாது.

முதலில் கசிவு. குமிழி அலையோடு சேர்ந்து விரிந்து சுருங்கும்போது நுண்குழாயின் சுவரைத் தள்ளி இழுக்கிறது. குழாயின் உட்சுவரான எண்டோதீலியல் செல்களுக்கு நடுவே உள்ள இறுக்கச் சந்திப்புகள் தளர்கின்றன. கூடவே செல்லின் ஊடாகப் பைகளில் பொருளைக் கடத்தும் வேலையும் கூடுகிறது, அந்தப் பைகளின் புரதமான கேவியோலின்-1 அதிகரிப்பது அதனால்தான். ஆக வழி ஒன்றல்ல, குறைந்தது இரண்டு. எலி மூளையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்த 2008-ஆம் ஆண்டு ஆய்வில் சந்திப்புப் புரதங்களான ஒக்லூடின், கிளாடின்-5, இசட்ஓ-1 மூன்றின் சாயமும் முதல் இரண்டு மணி நேரத்தில் குறைந்தும் இடம் மாறியும் இருந்தது. 6 மணி நேரத்தில் எடுத்த மூளைகளில் சந்திப்பு வழியே கசிவு இல்லை.

மூடும் வேகம் எந்த மூலக்கூறை வைத்து அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2012-இல் எலிகளில் வெவ்வேறு அளவுள்ள எம்ஆர்ஐ பொருட்களை வைத்துக் கணக்கிட்டார்கள். சுமார் 1 நானோமீட்டர் அளவுள்ள காடோலினியக் கூட்டுப்பொருளுக்கு ஊடுருவல் பாதியாகக் குறைய 5 மணி நேரம் சொச்சம் ஆகிறது. 7 நானோமீட்டர் துகளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். பெரிய ஓட்டைகள் முதலில் அடைபடுகின்றன. உங்கள் 24 மணி நேரத்துக்கு இதைப் பொருத்துங்கள்: நான்கரை அரைக்காலம் கடந்திருக்கும், ஆரம்பக் கசிவில் மிச்சம் நூற்றுக்கு நாலைந்து. டி1 படத்தின் இரைச்சலுக்குள் அது மறைந்துவிடும். கசிவு முற்றாக நின்றதா, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கியதா என்று அந்தப் படம் சொல்லாது.

எதிர்ப்பொருள் கொடுப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அதன் அளவு சுமார் 10 நானோமீட்டர். அல்ட்ராசவுண்ட் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ஊசி போட்டால், காடோலினியம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும், எதிர்ப்பொருள் அதிகம் உள்ளே போயிருக்காது. மனிதர்களிலும் இதே கதைதான். மண்டையோட்டில் பதித்த 1 மெகாஹெர்ட்ஸ் கருவியைக் கொண்டு மூளைக்கட்டி நோயாளிகளில் செய்து 2023-இல் வெளியான ஆய்வில், மூடுவதில் பெரும்பகுதி முதல் ஒரு மணி நேரத்திலேயே நடந்துவிட்டது.

இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை. தடுப்பு என்பது சுவர் மட்டுமல்ல, வெளியே தள்ளும் பம்பும் சேர்ந்ததுதான். அப்படி ஒரு பம்பான பி-கிளைக்கோபுரதம் அல்ட்ராசவுண்டுக்குப் பிறகு இரண்டு நாள் வரை குறைந்தே இருந்து, மூன்றாம் நாள் வாக்கில் திரும்புவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பம்ப் வெளியேற்றும் மருந்து ஏதாவது சோதனையில் இருந்தால், காடோலினியம் ஏறாத இரண்டாம் நாளில்கூட மூளையில் அதன் அளவு மாறலாம்.

இப்போது ஜிஎஃப்ஏபி. தடுப்பு திறந்திருந்த நேரத்தில் ஆல்புமின், ஃபைப்ரினோஜென் போன்ற இரத்தப் புரதங்கள் திசுவுக்குள் வந்துவிடுகின்றன. கதவு மூடிய பிறகும் அவை உள்ளேதான் இருக்கும். மைக்ரோக்ளியாவும் ஆஸ்ட்ரோசைட்டும் அவற்றை விழுங்கி அகற்ற வேண்டும். ஆல்புமின் ஆஸ்ட்ரோசைட்டில் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் பாதையைத் தூண்டும் பொருள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால் மைக்ரோக்ளியா சில மணி நேரத்திலேயே விழித்துக்கொள்ளும், ஆஸ்ட்ரோசைட் பின்னால் வந்து மூன்று நான்கு நாளில் உச்சம் தொடும். சுண்டெலிகளில் இரண்டு வாரத்துக்குள் இரண்டும் அடங்கியிருக்கின்றன. நான்காம் நாளில் ஜிஎஃப்ஏபி கூடியிருப்பது எதிர்பார்க்க வேண்டியதே. 15-ஆம் நாளிலும் அப்படியே இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

ஒலிப்புலம்

மேலே சொன்னது சரியான அளவில் திறந்த மூளைக்கு. உங்கள் அளவுகளைப் பார்த்தால் சில எலிகளில் அந்த எல்லையைத் தாண்டுகிறீர்கள் என்று தோன்றுகிறது. தேறும் காலத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த 120 நொடிதான். பிறகு என்ன செய்தாலும் அதை ஈடுகட்டுவது கடினம்.

அலை குமிழியை எவ்வளவு பலமாக ஆட்டும் என்பதைக் குறிக்கும் இயந்திரக் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள்: அழுத்தத்தை மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 0.4-ஐ 0.74-ஆல் வகுத்தால் 0.54. திறக்கத் தொடங்கும் எல்லை 0.46 என்று 2008-இல் பல அதிர்வெண்களில் அளந்து சொன்னார்கள்; அதன்படி 550 கிலோஹெர்ட்ஸில் 0.34 மெகாபாஸ்கலே போதும். 0.4 என்பது தன்னளவில் அபாயம் இல்லை. ஆனால் மண்டையோட்டின் தடிமன் எலிக்கு எலி மாறும், எடை கூடக்கூட இழப்பும் கூடும். ஒரே எண்ணை எல்லா எலிக்கும் வைத்தால் சிலவற்றில் 0.33, சிலவற்றில் 0.48 என்று போய் நிற்கும். "சில எலிகளில் கறுப்புப் புள்ளி" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் "சில" இங்கிருந்தே வரலாம்.

அழுத்தத்தை நம்புவதைவிடக் குமிழியின் குரலைக் கேளுங்கள். ஒரு ஹைட்ரோஃபோனை வைத்து எதிரொலியைப் பதிவு செய்தால், குமிழி சீராக அதிரும்போது துணை ஹார்மோனிக்கும் (அனுப்பிய அதிர்வெண்ணில் பாதி) அல்ட்ரா ஹார்மோனிக்கும் (ஒன்றரை மடங்கு, இரண்டரை மடங்கு) எழும். நொறுங்கத் தொடங்கினால் எல்லா அதிர்வெண்ணிலும் இரைச்சல் மேலெழும். 2012-இல் வந்த முறை எளிமையானது: அழுத்தத்தைத் துடிப்புக்குத் துடிப்பு சிறுசிறு படியாக ஏற்றுங்கள், அல்ட்ரா ஹார்மோனிக் முதன்முதலாகக் கேட்ட அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு அதில் பாதிக்கு இறங்கி மிச்ச நேரத்தை ஓட்டுங்கள். மண்டையோட்டு வேறுபாடு தானாகவே கணக்கில் வந்துவிடும். அகன்ற இரைச்சல் கேட்ட எலிகளின் எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள். நான்காம் நாள் திசுவைப் பார்க்கும்போது அந்தப் பட்டியல் பயன்படும்.

அடுத்து குமிழியின் அளவு. 2017-இல் இதே கேள்வி பெரிய விவாதமானது. தடுப்பைத் திறந்தாலே கிருமியில்லா அழற்சி வருகிறது, டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-1 போன்ற அழற்சிப் பொருட்கள் எல்லாம் ஏறுகின்றன என்று ஓர் ஆய்வு சொன்னது. குமிழி அளவைப் பொறுத்தது அது என்று இன்னொன்று காட்டியது. டெஃபினிட்டி கிலோவுக்கு 100 மைக்ரோலிட்டர் கொடுத்த எலிகளில் அழற்சி மரபணுக்கள் பலமாக ஏறி, வீக்கமும் நுண் இரத்தக் கசிவும் வந்தன. கிலோவுக்கு 10 மைக்ரோலிட்டர் கொடுத்து ஒலியைக் கேட்டு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியவற்றில் அந்த எதிர்வினை மிகக் குறைவு. மனிதருக்கு இதயப் படம் எடுக்கக் கொடுக்கும் அளவும் 10 தான். நீங்கள் 20-இல் இருக்கிறீர்கள். 10-க்கு இறங்குங்கள் என்பதே என் கருத்து.

இறங்கினால் ஒரு சிக்கல் வரும். 300 கிராம் எலிக்கு 10 என்றால் வெறும் 3 மைக்ரோலிட்டர். கதீட்டரும் இணைப்புக் குழாயும் சேர்ந்தால் 0.1 மில்லிலிட்டர் உள்ளேயே தங்கிவிடும், அதில் 3 மைக்ரோலிட்டர் எங்கே போகும்? ஒரு பங்கு டெஃபினிட்டிக்கு 49 பங்கு சலைன் சேர்த்தால் 0.15 மில்லிலிட்டர் ஆகும். அதைக் கொடுத்துவிட்டு 0.2 மில்லிலிட்டர் சலைனால் தள்ளுங்கள். நீர்த்த கலவை நிலைக்காது, எலிக்கு எலி புதிதாகக் கலக்க வேண்டும். குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகே குலுக்கியில் 45 நொடி வையுங்கள். மெல்லிய ஊசியால் வேகமாக உறிஞ்சினால் பாதிக் குமிழி உடைந்துவிடும். 18 அல்லது 21 கேஜ் ஊசியால் மெதுவாக எடுங்கள். சிரிஞ்சைக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் குமிழிகள் மேலே மிதந்து ஒதுங்கிவிடும், முதலில் வெறும் சலைன்தான் உள்ளே போகும். கொடுக்கும்வரை உருட்டிக்கொண்டே இருங்கள். ஒரே தள்ளாகக் கொடுத்தால் முதல் 20, 30 நொடியில் குமிழி மிக அதிகம், பிறகு சரிவு. பம்ப் வைத்து 120 நொடி முழுதும் மெதுவாக ஏற்றினால் சேதம் கூடிய அந்த முதல் நொடிகள் தவிரும்.

தூய ஆக்சிஜனைக் கைவிடுங்கள். ஆக்சிஜன் சுவாசிக்கும்போது இரத்தத்தில் குமிழியின் ஆயுள் குறைகிறது, திறப்பும் குறைகிறது. மருத்துவக் காற்றில் ஐசோஃப்ளூரேன் கலந்தால் அதே அழுத்தத்தில் திறப்பு அதிகம். எச்சரிக்கை ஒன்று உண்டு: ஆய்வின் நடுவில் மாற்றாதீர்கள். மாற்றினால் அழுத்தத்தைத் திரும்பக் குறைத்துச் சரிபார்த்த பிறகே தொடருங்கள். அழுத்தத்தைக் குறைக்காமல் ஓட்டினால் அடுத்த தொகுதி எலிகளில் இரத்தக் கசிவு வந்து நிற்கும்.

புள்ளிகள் எங்கே விழுகின்றன என்றும் பாருங்கள். 550 கிலோஹெர்ட்ஸில் திசுவில் அலைநீளம் சுமார் 2.7 மில்லிமீட்டர். எலியின் தலை சின்னது. அலை மண்டையோட்டின் அடித்தளத்தில் பட்டுத் திரும்பி நிலை அலையாகும். அழுத்த உச்சங்கள் அரை அலைநீளத்துக்கு ஒன்று, அதாவது 1.35 மில்லிமீட்டருக்கு ஒன்று. புள்ளிகள் அலை போகும் திசையில் அந்த இடைவெளியில் வரிசையாகவோ அடித்தளத்தை ஒட்டியோ இருந்தால் காரணம் குமிழி அளவல்ல, நிலை அலை. அப்போது 1.5 மெகாஹெர்ட்ஸுக்குப் போவது நல்லது. அங்கே அதே 0.46 குறியீட்டுக்கு 0.56 மெகாபாஸ்கல் ஆகும்.

அலைமுனை

மிக்க நன்றி. மூன்று எலிகளின் படத்தைத் திரும்பப் பார்த்தேன். இரண்டில் புள்ளிகள் ஹிப்போகேம்பஸில் சிதறலாக, ஒன்றில் அடித்தளத்தை ஒட்டி. டி2-ஸ்டார் படம் காடோலினியம் கொடுத்த பிறகு எடுத்தது. அது தவறா? டெக்சாமெதாசோன் (அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு) கொடுத்து எதிர்வினையை அடக்கலாமா?

திசுவெட்டு

வரிசை தவறு. காடோலினியம் செறிவாகத் தேங்கிய இடம் டி2-ஸ்டாரில் தானே கறுக்கும். முதலில் டி2-ஸ்டார், அடுத்து டி2, கடைசியாகக் காடோலினியம் ஏற்றி டி1. இந்த வரிசையில் எடுத்தும் கறுப்பு இருந்தால் சிவப்பணு வெளியே வந்திருக்கிறது என்று கொள்ளலாம். டி2-வில் வெளுப்பு மட்டும் இருந்தால் வீக்கம். அது சில நாளில் போய்விடும். டி2-ஸ்டார் கறுப்பு அப்படிப் போகாது. சிவப்பணு சிதைந்து ஹீமோசிடெரினாக (இரும்புப் படிவு) மாறினால் வாரக்கணக்கில் படத்தில் நிற்கும். ஆகவே இரண்டாம் வாரத்தில் தெரியும் புள்ளி எந்த முறை கொடுத்ததில் வந்தது என்று அறிய, ஒவ்வொரு முறைக்கும் முன்னால் ஒரு டி2-ஸ்டார் எடுத்துக்கொள்ள வேண்டும்.

திசுவில் உறுதிசெய்ய ஹெச் அண்ட் இ சாயத்தில் குழாய்க்கு வெளியே சிவப்பணுக்களைத் தேடுங்கள். இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் சாயத்தின் நீலம் முதல் நாளில் வராது, இரும்பு சேர இரண்டு மூன்று நாளாவது வேண்டும். 24 மணி நேர மூளையில் நீலம் இல்லாததை வைத்து இரத்தக் கசிவு இல்லை என்று எழுதக் கூடாது. வெட்டும் துண்டுகளும் முக்கியம். குவியம் நீளவாக்கில் பல மில்லிமீட்டர் இருக்கும், நுண்கசிவோ 100 மைக்ரோமீட்டருக்குள் அடங்கும். நடுவில் மூன்று துண்டு மட்டும் பார்த்தால் தப்பிவிடும். குவியப் பகுதி முழுவதையும் 250 மைக்ரோமீட்டருக்கு ஒரு துண்டாவது எடுத்துப் பாருங்கள்.

ஜிஎஃப்ஏபி சேதமா என்ற உங்கள் முதல் கேள்விக்கு, வெளிச்சத்தின் அளவை மட்டும் எண்ணாமல் செல்லின் உருவத்தைப் பாருங்கள். தேறக்கூடிய எதிர்வினையில் ஆஸ்ட்ரோசைட்டின் கிளைகள் தடித்திருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் நிற்கும். பக்கத்து செல்லோடு பின்னாது. நியூரானைக் காட்டும் நியூஎன் சாயத்தில் ஹிப்போகேம்பஸின் சிஏ1 அடுக்கு இடைவெளியில்லாமல் இருக்கும். வடு என்றால் கிளைகள் ஒன்றோடொன்று பின்னி ஒரு குட்டிச் சுவர்போலக் கட்டியிருக்கும், அதன் நடுவில் சிடி68 (விழுங்கும் செல்லின் அடையாளப் புரதம்) ஏறிய உருண்டை மேக்ரோஃபேஜ்கள், அங்கே நியூரான் இருக்காது. முதல் வகை இரண்டு வாரத்தில் கரையும். இரண்டாவது கரையாது.

ஒரு போலித் தோற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். சுருங்கிக் கறுத்த நியூரான்கள், திருகிய தண்டோடு, ஹிப்போகேம்பஸில் தெரிந்தால் உடனே செல் சாவு என்று எழுதாதீர்கள். பதப்படுத்தும் திரவம் முழுதாக ஊறும் முன் மூளையை மண்டையோட்டிலிருந்து எடுத்து அழுத்தினாலே அப்படி ஆகும். 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு செலுத்திய பிறகு தலையை அப்படியே குளிரில் ஓர் இரவு விட்டு, மறுநாள் மூளையை எடுங்கள். சந்தேகம் இருந்தால் சாகும் செல்லைக் காட்டும் ஃப்ளோரோ-ஜேட் சி அல்லது டனல் சாயம் போடுங்கள். இரண்டும் இல்லாமல் கறுத்த நியூரான் மட்டும் இருந்தால் அது கைவேலையின் பிழை.

எதிர்ப்பக்கத்தை முழுக் கட்டுப்பாடாக நம்புவதும் சரியல்ல. குமிழி உடல் முழுதும் ஓடியது, மயக்கமும் பொது. குமிழி மட்டும் கொடுத்த எலி, அல்ட்ராசவுண்ட் மட்டும் கொடுத்த எலி என்று இரண்டு சிறு குழுக்கள் தனியாக வேண்டும்.

எண்டோதீலியம்

டெக்சாமெதாசோன் பற்றி: எலிகளில் அல்ட்ராசவுண்ட் முடிந்த 15 நிமிடத்திலும் 24 மணி நேரத்திலும் கொடுத்துப் பார்த்தார்கள். கசிவு சீக்கிரம் குறைந்தது, அழற்சி அடங்கியது, புதுக் குழாய் முளைப்பதும் குறைந்தது. வேலை செய்கிறது. ஆனால் எதற்காகத் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே முடிவெடுங்கள். மருந்தைக் கொண்டுசேர்ப்பது மட்டும் நோக்கம் என்றால், மருந்து உள்ளே போன பிறகு கொடுப்பதில் நியாயம் உண்டு. அல்சைமரில் தேங்கும் அமிலாய்டை மைக்ரோக்ளியா விழுங்க வேண்டும், ஹிப்போகேம்பஸின் டென்டேட் ஜைரஸில் புது நியூரான் பிறக்க வேண்டும் என்பது நோக்கமானால், நீங்கள் அடக்கப்போவது அதே எதிர்வினையைத்தான். இருபது மைக்ரோலிட்டரை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்டீராய்டால் மூடி மறைப்பதை நான் ஏற்கமாட்டேன். முதலில் குமிழி அளவைக் குறையுங்கள்.

வாரம் ஒருமுறை கொடுக்கலாமா என்பது குழாய்களோடும் சேர்ந்த கேள்வி. எலியின் ஹிப்போகேம்பஸில் குழாய் அடர்த்தி 7, 14-ஆம் நாட்களில் கூடியிருந்து 21-ஆம் நாளில் கட்டுப்பாட்டின் அளவுக்கு இறங்கியது. வாரம் ஒருமுறை கொடுத்தால் இரண்டாம் தடவை நீங்கள் தொடுவது முதல் நாள் இருந்த திசுவை அல்ல. குழாய் அடர்ந்த, கிளியா இன்னும் முழுதாக அடங்காத திசுவை. அங்கே குழாய் கூடினால் குமிழியும் கூடும், பழைய அழுத்தத்தில் திறப்பின் அளவு மாறக்கூடும். வாரமொருமுறை எலிகளில் செய்திருக்கிறார்கள், முடியாத காரியம் அல்ல. ஆனால் ஒவ்வொரு முறையும் அழுத்தத்தைப் புதிதாக, ஒலியைக் கேட்டு நிர்ணயிக்க வேண்டும். அல்சைமர் நோயாளிகளில் நடந்த சோதனைகளில் இரண்டு வாரம் அல்லது ஒரு மாதம் இடைவெளி விட்டார்கள். மூளைக்கட்டிக்கு மூன்று அல்லது நான்கு வாரம், அங்கே இடைவெளியை முடிவுசெய்தது மருந்தின் சுற்று. உங்கள் சோதனையில் மருந்து இல்லை என்பதால் இரண்டு வாரமே வைத்துக்கொள்ளுங்கள். திசுவுக்காக எலியை எந்த நாளில் எடுப்பது என்றால் 6 மணி நேரம், 24 மணி நேரம், 4, 15, 21-ஆம் நாட்கள். எலி குறைவாக இருந்தால் 6 மணி நேரத்தை விடலாம், 15-ஐ மட்டும் விடாதீர்கள்.

நடத்தைச் சோதனையை அதே நாளில் வைக்க வேண்டாம். திறந்த பகுதியில் இரத்த ஓட்ட எதிர்வினை சிறிது நேரம் மந்தமாக இருப்பதைச் செயல்பாட்டு எம்ஆர்ஐயில் கண்டிருக்கிறார்கள். மயக்கத்தின் மிச்சமும் சேரும்.

அலைமுனை

கடைசியாக ஒன்று. 24 மணி நேர மூளையில் ஆல்புமின் சாயம் போட்டால் பலமாகத் தெரிகிறது. அப்படியானால் தடுப்பு இன்னும் திறந்திருக்கிறதா?

திசுவெட்டு

இல்லை. அது நேற்று வந்த ஆல்புமின், இன்னும் அகற்றி முடியவில்லை. திசுவில் உள்ள ஆல்புமினோ ஐஜிஜியோ (இரத்தத்தின் எதிர்ப்பொருள்) கசிந்த வரலாற்றைக் காட்டும், இப்போதைய நிலையைக் காட்டாது. இப்போது திறந்திருக்கிறதா என்று அறிய, புதுத் தடங்காட்டியை எலியை எடுக்கும் முன் 15, 20 நிமிடத்தில் சிரையில் கொடுத்து, இரத்தத்தில் சுற்றவிட்டு, குழாய்களைச் சலைனால் கழுவித் திசுவை எடுக்க வேண்டும். 3 கிலோடால்டனில் ஒன்று, 70 கிலோடால்டனில் ஒன்று என இரண்டு டெக்ஸ்ட்ரான்களை (சர்க்கரைச் சங்கிலி மூலக்கூறுகள்) வெவ்வேறு நிறத்தில் சேர்த்துக் கொடுத்தால் சின்ன ஓட்டை, பெரிய ஓட்டை இரண்டும் ஒரே மூளையில் தெரியும். சின்னது மட்டும் கசிந்து பெரியது கசியாத எலிகளைத்தான் 24 மணி நேரத்துக்குள் அதிகம் பார்ப்பீர்கள். பதப்படுத்தும்போது திசுவில் நிற்க வேண்டும் என்பதால் லைசின் சேர்த்த டெக்ஸ்ட்ரானாகப் பார்த்து வாங்குங்கள். சாதா டெக்ஸ்ட்ரான் கழுவும்போது கரைந்து போய்விடும்.

தடங்காட்டியாக இவான்ஸ் நீலத்தைப் பயன்படுத்தினால் அந்த மூளையில் அடர்சிவப்பு ஒளிர்சாயம் எதையும் போடாதீர்கள். நீலமே அந்தப் பட்டையில் ஒளிரும், உங்கள் ஜிஎஃப்ஏபி எண்ணிக்கையில் கலந்துவிடும். பச்சையில் ஜிஎஃப்ஏபியைப் போட்டுக்கொள்ளுங்கள்.